ஏழாவது எச்சரிக்கை

டீச்சரான அக்கா ஜெயஷீலா ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அவள் போனில் அந்தச் செய்தி வந்தது. ‘நேசக்குமார் கடுமையான விபத்தில் சிக்கியிருக்கலாம்.’ கீழே வரைபடம், அதில் ஒரு நீலப்புள்ளி. செருப்புப் போடாமல் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடிவந்து என்னைப் போனில் கூப்பிட்டாள். அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன்.

அங்கே மேற்பார்வை பார்க்கும் நேசக்குமார் அத்தான், வரப்பில் நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். உப்பு லாரிகள் உழுதுபோட்ட பாதையில் அவர் பைக் தூக்கிப் போட்டிருக்கிறது. புதுப் போன் அதை விபத்து என்று நினைத்துத் தானாகவே செய்தி அனுப்பிவிட்டது. அனுப்பாமல் நிறுத்த முப்பது நொடி கொடுத்துக் கத்துமாம். வண்டிச் சத்தத்தில், கால்சட்டைப் பைக்குள்ளிருந்து அது யாருக்குக் கேட்கும்?

“பாத்தியாலே ஷாம்? தூத்துக்குடியில இந்த வசதி மொத மொத என் கைலதான்.”

சாக்பீஸ் இன்னும் அக்கா கையில் இருந்தது.

அதே மாதம் அக்காவுக்கு இன்னும் மூன்று தடவை வந்தது. ஒரு தடவை புள்ளி கடலுக்குள் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து சாப்பிடும்போது சொன்னேன். “அத ஆஃப் பண்ணி வையுங்க அத்தான். ஒரு வருஷம் போவட்டும், ஒழுங்காயிரும்.”

“ஒழுங்காவதுக்கு எவனாவது மொதல்ல வாங்கணும்லா? எல்லாரும் ஒன்னய மாதிரி காத்துக் கெடந்தா எப்பிடிலே?” மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். “வரப்புல தனியா போறவன் நான். பத்து தடவ பொய் சொல்லட்டும். ஒரு தடவ உண்மையச் சொன்னா போதாதா?”

“அந்த ஒரு தடவ யாரு நம்புவா?”

அக்கா குழம்புச் சட்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். “எம் நம்பர எடுத்துட்டு இவன் நம்பரப் போடுங்க. எனக்கு நெஞ்சு தாங்கல. இவன் சும்மாதான கெடக்கான்.”

சும்மாதான் கிடந்தேன். அதற்கு முன் ஒரு இறால் கம்பெனியின் குளிர்கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். குளிர் குறைந்தால் கத்தும் கருவி ஒன்றைப் புதிதாக மாட்டினார்கள். கதவைத் திறந்தாலே கத்தியது. மூன்றாவது வாரம் அதன் வாயில் டேப் ஒட்டினோம். ஒட்டியவன் நான்தான். பிறகு ஒருநாள் விடியற்காலையில் கிடங்கு முழுக்க நாறியது. நானாகவே வேலையை விட்டதாக ஊரில் சொல்லிக்கொள்கிறேன். அத்தானுக்கு உண்மை தெரியும். சொல்லிக்காட்டியதில்லை.

நம்பர் மாறிய பிறகு எனக்கு வந்த முதல் இரண்டு எச்சரிக்கைக்கும் ஓடினேன். பிறகு போன் மட்டும் செய்தேன். “பள்ளம்லே மாப்ள, பள்ளம்” என்பார். ஆறாவதற்கு அதுவும் செய்யவில்லை. புள்ளி நகர்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இன்று செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு எனக்கு ஏழாவது வந்தது. நான் டீக்கடையில் இருந்தேன். எடுத்துப் பார்த்தேன். வரப்பில் இல்லை, ஒரு உப்புப் பாத்திக்கு நடுவில் இருந்தது புள்ளி. கடலுக்குள் நின்ற புள்ளிதானே என்று நினைத்துக்கொண்டேன். டீயை முழுக்கக் குடித்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டேன்.

இதற்கு முன் எனக்கு வந்த ஆறு தடவையும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி நகர்ந்துவிடும்.

பைக்கை எடுத்தேன். போனை டேங்க் மேல் வைத்து இடது கையால் அழுத்திக்கொண்டேன். சாலையை ஒரு தடவை பார்த்தால் அதை இரண்டு தடவை பார்த்தேன். வரைபடத்தின் வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவே புள்ளி அப்படியே இருந்தது. அக்காவுக்குச் சொல்லவில்லை. உப்பளப் பாதையில் திரும்பியதும் வண்டி தூக்கிப் போட்டது. புள்ளி அசைந்தது போலிருந்தது.

என் கைதான் அசைந்திருந்தது.