மூன்றாம் அடைப்பு எருதும் மேங் தால்-சூவும்

மேங் தால்-சூ எழுபது வயதுக்கு மேல் சதை போட்டது, அவர் தொழுவத்தின் மூன்றாம் அடைப்பில் நின்ற எருது தின்ற தீவனத்தால்தான். தூன்கோல் பள்ளத்தாக்கில் இதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எருது எதைத் தின்றாலும் அதன் உடம்பிலும் ஒட்டியது, கிழவர் உடம்பிலும் ஒட்டியது. சந்தையில் கன்றாக வாங்கும்போதே அதைக் காயடித்திருந்தார்கள். அது தால்-சூவின் நல்ல காலம் என்று எங்கள் ஊர் ஆண்கள் சொல்வார்கள். வாங்கின பிறகு காயடித்திருந்தாலும் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்பது பெண்களின் கட்சி.

அந்த வீட்டில் இருந்தது கிழவரும் மருமகள் இன்-சுக்கும் மட்டும். மகன் கி-ஹோ கோழி வறுத்து விற்கப் புசானுக்குப் போனவன், திரும்பவில்லை. மாடு வளர்க்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டுக் கோழி வறுக்கப் போனானே என்பதுதான் கிழவருக்கு அவமானம். பெண்டாட்டியை விட்டுப்போனது இரண்டாம்பட்சம். கன்றோ கிழடோ, எல்லா மாட்டுக்கும் ஒரே அண்டாவில் வைக்கோலும் மொச்சைத் தொலியும் வேகவைத்து ஊற்றியவர் அவர். இன்-சுக் மாட்டுச் சங்கத்தின் வகுப்புக்குப் போய் வேறு கணக்கோடு வந்தாள். வளரும் வயதில் உலர்புல்லாகக் கொடுத்து வயிற்றைப் பெரிதாக்க வேண்டும். பிறகு மெல்ல மக்காச்சோளத்தை ஏற்ற வேண்டும். நடுவில் பச்சைத் தீவனத்தைக் குறைத்தால்தான் கொழுப்பு சதைக்குள் பூப்பூவாக இறங்கும். கடைசி மாதங்களில் தானியத்துக்குத் தடையே கிடையாது. இந்தத் தடவை வளர்க்கிற மாடுகள் கறிக்கு விற்கும்போது முதல் தரம் வாங்கினால் தொழுவம் அவளுக்கு, வாங்காவிட்டால் விற்றுவிடுவது என்று இருவரும் பேசி முடித்தார்கள். விற்றால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

உலர்புல் காலத்தில் கிழவர் கிண்ணம் கிண்ணமாகச் சோறு தின்றும் இளைத்துக்கொண்டே போனார். விலா விரிந்தது, வயிறு தொங்கியது. ஊர்க் கூட்டத்தில் வாயில் ஒன்றுமில்லாமல் அசை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எவ்வளவு தின்னாலும் பசி அடங்க மாட்டேங்குது. அந்தக் கன்னுக்கு ரெண்டு கை சோளம் போட்டா கொறஞ்சா போயிடுவ?"

"இப்பப் போட்டா வயிறு வளராது மாமா. பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க."

சோளம் ஏற ஆரம்பித்ததும் வேறு புகார். ஒருமுறை அவள் அவசரப்பட்டு அளவைக் கூட்டிவிட்டாள். கிழவர் நெஞ்செரிச்சல் தாங்காமல் குளிருக்காக அடியில் சூடேற்றிய தரையில் உருண்டு புரண்டார். அன்றைக்கே எல்லா அடைப்பிலும் சோளத்தைப் பாதியாக்கி வைக்கோலைக் கூட்டினாள். அதே வாரம் பக்கத்துத் தொழுவங்களில் மாடுகள் வயிறு உப்பிச் செத்தன. மாடு வாய் திறந்து சொல்லாது. இன்-சுக்கின் மாமனாரோ வாயை மூடியதே இல்லை.

பச்சையைக் குறைத்த மாதங்களில் அவருக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை. வாசலில் இருந்த கிம்ச்சி ஊறுகாய்ச் சாடியைச் சங்கத் தலைவர் என்று நினைத்துக் குனிந்து வணங்கி, மழை தண்ணி எப்படி என்று விசாரித்தார். தலைவரிடம் பேசினாலும் இவ்வளவு பதில்தான் வந்திருக்கும். இன்-சுக் சிரித்து முடித்துவிட்டு, மாடுகளின் கண் போகும் முன்பே கொஞ்சம் பச்சையைத் திரும்பச் சேர்த்தாள். இதற்குள் அக்கம்பக்கத்தவர்கள் சோஜு சாராய பாட்டிலோடு வந்து, எந்த மூட்டைத் தீவனம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்று கிழவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்திருந்தார்கள்.

கடைசிக் கட்டத்தில் கிழவரின் கன்னம் மினுங்கியது. நரைத்த தலை எருதின் நிறத்துக்குச் செம்பட்டையானது. ஸ்கேன் பார்க்கிறவர் எருதின் முதுகில் கருவியை வைத்துப் பார்த்து, இப்படிப் பூ விழுந்த சதையைக் கண்டதில்லை என்றார். தால்-சூ சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். அதே படம்தான் வந்தது. அதை அவர் ஊர் மன்றத்தில் ஒட்டியும் வைத்தார்.

விற்கும் நாள் நெருங்கியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. எருதை வெட்டினால் கிழவர் என்ன ஆவார்? மருத்துவர் நாடி பார்த்துவிட்டு, இது கால்நடைத் துறை விஷயம் என்றார். கால்நடை மருத்துவர், மனிதர்களை நான் பார்ப்பதில்லை என்றார். இன்-சுக் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். கிழவருக்கு மட்டும் கவலையே இல்லை. லாரி வந்த காலையில் குளித்து, கல்யாணக் கோட்டைப் போட்டு, பொத்தான் எட்டாமல் திறந்த கோட்டோடு மூன்றாம் அடைப்பின் வாசலில் நின்றார். மற்ற மாடுகள் ஏறிவிட்டன. இன்-சுக் அந்தக் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு திறக்காமல் நின்றாள்.

"தேறின மாட்ட நிறுத்தி வெச்சா தீவனம் தண்டம். ஏத்து."

"இது போகல மாமா."

"ஏன், தரம் வராதுன்னு பாக்கறியா?" உயிர் போவதைவிட அதுதான் அவருக்குக் கோபம்.

"வரும். இந்தப் பள்ளத்தாக்குலயே இல்லாத தரம் வரும்."

"அப்புறம் என்னம்மா?"

"புசானுக்குப் போனவனப் போகட்டும்னு விட்டேன். ஒங்கள விடமாட்டேன்."

லாரிக்காரன், மழை வருது, ஏத்தணுமா வேணாமா என்று கேட்டான். தால்-சூ கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப நாளையிலருந்து சோளத்தக் கொறை. மூச்சு வாங்குது," என்றார்.

போன மாடுகள் எல்லாம் முதல் தரம் வாங்கின, தொழுவம் அவளுக்கு ஆனது. ஆனால் தேறி முடித்த பிறகும் உயிரோடு இருக்கப்போகிற மாட்டுக்கு என்ன போடுவது என்று சங்கத்து வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை, எந்தக் கம்பெனியும் அதற்கு மூட்டை போடவில்லை. அவளே பார்த்துப் பார்த்து ஒரு கணக்குக்கு வந்தாள்: நல்ல புல், கொஞ்சம் தவிடு, பனிக்காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், சாயங்காலம் கொஞ்ச நேரம் வெயில். எருதுக்கு இப்போது பதினாறு வயது. வீட்டில் வயதானவர்கள் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள், மாடு இல்லாதவர்களும்கூட, அவளிடம் வந்து அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.