யாருக்கும் கேட்காத மேளம்

கோலா சிலாங்கூரில் அந்த இசைக்கருவிக் கடைக்குள் நுழையும்போதே காளியண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். நல்ல சட்டை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகள் லோகேஸ்வரி அவருக்குப் பின்னால் வந்தாள்.

"பாய், போன்ல பேசுனேனே, அந்தச் சத்தம் வராத டிரம்."

கடைக்காரர் ரஸ்லான் எழுந்து வந்தார். "வாங்கண்ணே, வாங்க. கல்யாணப் பொண்ணுக்கு எல்லாரும் நகை வாங்குவாங்க. நீங்க ஒருத்தர்தான் டிரம் வாங்குறீங்க. மாப்பிள்ளை பாவம் லா."

"அவருக்கு ஒன்னும் கேக்காது பாய். அதுக்குத்தானே இதைத் தேடிப் பிடிச்சேன்!"

இருவரும் சிரித்தார்கள். லோகா சிரிக்கவில்லை. அப்பா காசு கொடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வழி நெடுக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். 'நீங்க போயி அவங்ககிட்ட இன்னொரு தடவை பேசுங்கப்பா. அவங்க ஒத்துக்கலன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்.' இவ்வளவுதான். வீட்டில் வைத்துச் சொன்னால் அம்மா அழுதே வாயை அடைத்துவிடுவார். இங்கே சொன்னால்தான் உண்டு.

தோட்டத்துக் கோயில் உருமி மேளக் குழுவில் லோகா ஒருத்திதான் பெண். மற்றவர்கள் தவில் அடிப்பார்கள், தாளம் போடுவார்கள். உருமி அவளுடையது. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பெண், உருமியைத் தோளில் மாட்டி, வளைந்த குச்சியை இடது பக்கத் தோலில் வைத்துத் தேய்த்தாள் என்றால், கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு உடம்பு சிலிர்த்து அருள் வந்துவிடும். தீமிதி அன்று காளியண்ணன் லோரியைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்து முன்வரிசையில் நிற்பார். பக்கத்தில் நிற்பவர் கேட்காமலேயே, "நம்ம பொண்ணு" என்பார்.

அவரே இதற்கு ஒத்துக்கொண்டுவிட்டார் என்பதுதான் அவளால் தாங்க முடியாதது.

நிச்சயதார்த்தத்தன்று நடந்தது அது. வெற்றிலை, பாக்கு, பழம், சேலை எல்லாம் வைத்த தட்டை மாப்பிள்ளையின் அம்மா நாகமணி நீட்டினார். காளியண்ணன் இரண்டு கையாலும் பிடித்தார். அவர் பிடித்த பிறகும் அந்த அம்மா தட்டை விடவில்லை.

"ஒன்னே ஒன்னு சம்பந்தி. எங்க வீட்டுக்கு வந்தப்புறம் பொண்ணு மேளத்தத் தொடக்கூடாது. எம்பையன் நைட் ஷிப்ட்டு, பகல்லதான் தூங்குவான். அதும் இல்லாம, ஆம்பளப் பசங்களோட ரோட்டுல நின்னு அடிக்கிறதெல்லாம் எங்க சனத்துல இல்லீங்க."

தட்டு இருவர் கையிலும் இருந்தது. அதைத் திருப்பித் தள்ளினால் சம்பந்தத்தையே முறித்த மாதிரி. தட்டைப் பிடித்துக்கொண்டு மறுபேச்சுப் பேசிய தகப்பனைத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. கூடம் நிறையச் சனம். மாப்பிள்ளை சுகுமாறன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிங்க" என்றார் காளியண்ணன். அந்த அம்மா கையை எடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் மகளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. பிறகு ஒரு நாள் வேலை விட்டு வந்ததும் வராததுமாகப் போனை அவளிடம் நீட்டினார். "இங்க பாரு கண்ணு! கரண்டுல ஓடுற டிரம்மாம். காதுல மாட்டிக்கிட்டு அடிச்சா உனக்கு மட்டுந்தான் கேக்கும். பக்கத்துல தூங்குறவனுக்குக்கூடக் கேக்காது. சீரோட சீரா இதையும் வச்சிருவோம். மேளத்தத் தொடக்கூடாதுன்னுதானே சொன்னாங்க? இது மேளம் இல்லையே!" காணாமல் போனதைக் கண்டுபிடித்தவர் போல அன்று அவர் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

ரஸ்லான் கடையின் மூலையில் மூன்று டிரம்களை வரிசையாக வைத்திருந்தார். கறுப்புக் கம்பிகளில் வட்டமாய் ரப்பர் தட்டுகள். லோகா முதலாவதில் உட்கார்ந்து காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். குச்சி தொட்டதும் காதுக்குள் இடி இறங்கியது. அவளையும் மீறிக் கை ஓடியது. அப்பாவைப் பார்த்தாள். அவர் வாயெல்லாம் பல்லாக நின்றார். அவருக்குக் கேட்டதெல்லாம் ரப்பரில் குச்சி படும் டொக் டொக் மட்டும்தான். அதற்கே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல எல்லாச் சத்தமும் வருமா பாய்?"

"எல்லாமே வரும்ணே. பட்டனை அமுக்குனாப் போதும்."

"உருமி?"

ரஸ்லான் குனிந்து பட்டன்களை அமுக்கிப் பார்த்தார். "தபேலா இருக்கு... சீன மேளம் இருக்கு... உருமி இல்லண்ணே. இந்தப் பெரிய டமாரம் மாதிரி ஒன்னு இருக்கு, இது கொஞ்சம் கிட்ட வரும். தங்கச்சி, அடிச்சுப் பாருங்க."

அவள் வலது கையால் அடித்தாள். கிட்டத்தான் வந்தது. பழக்கத்தில் இடது கை தானாக எழுந்து, குச்சியைச் சாய்த்து, பக்கத்துத் தட்டில் அழுத்தித் தேய்த்தது.

காதுக்குள் ஒன்றும் வரவில்லை.

இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ஒன்றுமே இல்லை. அடித்தால்தான் அதற்குத் தெரியும். தேய்ப்பது தெரியாது. உருமியோ தேய்த்தால்தான் உறுமும்.

அவள் காதுக்கருவியைக் கழற்றினாள். "அப்பா, இதக் கொஞ்சம் மாட்டிக்குங்க."

"எனக்கு எதுக்கு கண்ணு?"

"மாட்டுங்கப்பா."

தலையைக் குனிந்து கொடுத்தார். அவளே மாட்டிவிட்டாள். பிறகு உட்கார்ந்து, தீமிதியில் சாமி இறங்கும் நேரத்துக்குத் தேய்ப்பது போல, தோள் வலிக்கத் தேய்த்தாள். காளியண்ணன் கண்ணை மூடிக் காத்திருந்தார். திறந்தார். காதுக்கருவியை இரு கையாலும் அமுக்கிக்கொண்டார்.

"பாய், சத்தத்தக் கூட்டுங்க. ஒன்னும் வரலையே."

"முழுசாத்தான் வச்சிருக்கேன்ணே."

"கெட்டுப் போச்சா?"

"கெடலப்பா" என்றாள் லோகா. அவர் காதுக்குக் கேட்க வேண்டுமென்று சத்தமாகவே சொன்னாள். "அந்த வீட்டுக்குப் போனா நான் இப்பிடித்தான் இருப்பேன். கை ஆடும். ஒன்னும் கேக்காது."

ரஸ்லான் மெதுவாக நகர்ந்து கித்தார்கள் இருந்த பக்கம் போய்விட்டார்.

"நீங்க போயி ஒரு தடவை பேசுங்கப்பா. அவங்க முடியாதுன்னா..."

அப்பா காதுக்கருவியைக் கழற்றவே இல்லை. கழற்றினால் பதில் சொல்ல வேண்டுமே என்பது போல அப்படியே நின்றார். கை இரண்டும் காதின் மேல். அவர் கண்ணில் நீர் கட்டுவதை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

"பத்திரிகை குடுத்தாச்சு கண்ணு" என்றார் கடைசியில். "தட்டைக் கையில வாங்கிட்டேன். நான் என்னா செய்வேன்?"

அந்த நிமிடத்தில் அவள் அழுதிருக்கலாம், கடையை விட்டு வெளியே போயிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளால் எதுவும் முடியவில்லை. எழுந்து, அவர் தலையிலிருந்து காதுக்கருவியை எடுத்து, ஒயரைச் சுற்றி வைத்தாள்.

"பரவால்லப்பா. இதையே எடுத்துக்கலாம். நல்லாத்தான் இருக்கு."

"நெசமாவா?"

"ம்."

டிரம் இருந்த பெட்டி, காடியின் பின்சீட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டது. திரும்பும் வழியில் அப்பா ஓயாமல் பேசினார். எந்த ஜன்னல் பக்கம் வைக்கலாம், தூசு படாமல் எதைப் போட்டு மூடலாம், பேரப்பிள்ளை பிறந்தால் அதுவும் அடிக்கும். அவள் எல்லாவற்றுக்கும் "ம்" போட்டாள்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் கோயிலில் ஒத்திகை நடக்கும் சத்தம் வந்தது. திருவிழா நெருங்கிவிட்டது. நிச்சயம் ஆனதிலிருந்து அவள் இடத்தில் குழுப் பையன் வீரன்தான் தேய்க்கிறான். குச்சியை நிமிர்த்திப் பிடிக்கிறான். அதனால்தான் உருமி உறுமாமல் இருமுகிறது. போய்க் குச்சியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிடா என்று சொன்னால் போதும், சரியாகிவிடும். அவள் விரல்கள் மடியில் தாமாகச் சாய்ந்தன.

காளியண்ணன் பேச்சை நிறுத்தினார். மகளைப் பார்க்காமல், ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி ஏற்றினார். ஏற்றிய பிறகும் சத்தம் கேட்டது. கைப்பிடி அதற்கு மேல் சுற்றாது. அவர் இன்னும் அழுத்திச் சுற்றிக்கொண்டே இருந்தார்.