தாயம்மாவுக்காக நின்ற வேன்கள்

தாயம்மா ஒருத்திக்காக அன்று காலை மூன்று வேன்களும் நின்றுவிட்டன. மகளுக்குக் காய்ச்சல், மருந்து கொடுத்துவிட்டு ஓடி வருவதற்காக அவள் கைப்பேசிச் செயலியில் 'காத்திரு' என்ற பொத்தானை அழுத்தினாள். அவளுடைய வேனில் சிவப்பு விளக்கு எரிந்து அது நின்றது சரி. மலேசியாவின் மந்தின் ஊர்ப் பக்கத்தில் வேறு இரண்டு தோட்டங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்த வேன்களிலும் அதே சிவப்பு விளக்கு எரிந்தது. அவையும் நின்றன. நீலாய் நகரத்துப் பேக்டரிக்குள் அத்தனை பெண்களும் தாமதமாகத்தான் நுழைந்தார்கள்.

வேன் முதலாளி குணாளன் கத்தவில்லை. அந்தச் செயலியை எழுதிய மரியகொரெட்டிக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

"சாயங்கால டிரிப் வரைக்கும் பாக்குறேன்மா. சரிவரலன்னா பழையபடி போன்லயே பேசிக்கிறோம். உன்மேல கோவம் இல்ல லா. பேக்டரிக்காரன் வேற ஆளப் பாத்துடுவான், அதான்."

பல வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, தன் பெயரைச் சொல்லி அவள் வாங்கிய முதல் வேலை அது.

நிழலில் நின்ற சன்னாசியின் வேனில் ஏறி மடிக்கணினியைத் திறந்தாள். ஓட்டுநர் இருக்கையில் சன்னாசி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"தங்கச்சி, அந்தத் தாயம்மா மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. அவங்க புள்ளைக்குக் காய்ச்சல்னா என் வண்டி ஏன் நிக்குது? சம்பந்தி வீடா?"

சிரித்துக்கொண்டே நிரல் வரிகளைப் படித்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

பைத்தான் நிரல்மொழியில் 'வேன்' என்று ஒரு பொது வார்ப்பு எழுதி, அதிலிருந்து மூன்று வேன்களை உருவாக்கியிருந்தாள். 'காத்திரு' என்பதை அந்தந்த வேனுக்குள் எழுதாமல் வார்ப்பின்மேலேயே எழுதிவிட்டாள். வார்ப்பில் இருப்பதை எல்லா வேன்களும் படிக்கும். ஒரே ஒரு வேனை வைத்துச் சோதித்ததால் அது தெரியவே இல்லை.

ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்தாள். அவள் வளர்ந்த தோட்டத்து லய வீடுகளில், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை வரிசை முழுக்க எந்த அடுப்பும் எரியாது. அப்பா போனபோது அவளுக்காக எல்லா வீடுகளும் பசித்திருந்தன. அதைத் தவறென்று அவளால் இப்போதும் நினைக்க முடியவில்லை. ஆனால் மாமியாருக்கு ஆபரேஷன் என்றதும் படிப்பை நிறுத்தினாள். கணவனுக்கு ஷிப்ட் மாறியதும் வேலையை நிறுத்தினாள். நிறுத்தச் சொன்னவர்கள் யாருமில்லை. ஒன்று நின்றால் எல்லாம் நிற்க வேண்டும் என்று அவளுக்குள் எங்கோ எழுதியிருந்தது. அது எதுவரை போகலாம் என்று அவள் எல்லை போட்டதே இல்லை.

வரியை மாற்றினாள். 'காத்திரு' இப்போது அந்தந்த வேனுக்குள் இருந்தது. மூன்று வேன்களையும் வைத்துச் சோதித்தாள்.

கைப்பேசி அடித்தது. கணவன் விக்டர்.

"எனக்கு இன்னிக்கு ஓவர் டைம். சின்னவன டியூஷன்லேர்ந்து நீ போய்க் கூட்டிட்டு வந்துரு."

சரி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது.

"இன்னிக்கு முடியாதுங்க. சாயங்கால டிரிப்ல நான் இருந்தாகணும். உங்க தங்கச்சி குளோரியாவக் கேளுங்களேன்."

"ம்... கேக்குறேன்" என்றான். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

சாயங்காலம் பேக்டரி வாசலில் மூன்று வேன்களும் வரிசையாக நின்றன. தாயம்மா தயங்கித் தயங்கி அவளிடம் வந்தாள்.

"எதிர்க்கடையில மருந்து வாங்கணும் தங்கச்சி. அழுத்தட்டுமா? காலையில எல்லாம் என்னை ஏசிட்டாளுங்க."

"அழுத்துங்கக்கா." என்றவள் மூன்று வேன்களின் விளக்குகளையும் பார்த்தாள்.

தாயம்மாவின் வேனில் சிவப்பு எரிந்தது. மற்ற இரண்டிலும் பச்சை மாறவில்லை. முன்னால் நின்றது கிளம்பிப் போயிற்று. சன்னாசி தலையை வெளியே நீட்டினார்.

"என் வண்டிக்கு விடுதலை லா! ஏறுறியா தங்கச்சி?"

"நீங்க போங்கண்ணே."

குணாளனின் குறுஞ்செய்தி வந்தது: 'நாளைக்கும் இதையே ஓட்டுவோம்.'

கொரெட்டி சிவப்பு எரியும் வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் நிற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் தாயம்மா மருந்தோடு சாலையைக் கடந்து வரும்வரை காத்திருக்க அவளுக்குப் பிடித்திருந்தது.