காப்பில் வந்து உட்கார்ந்த மாமியார்

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் அரம் வெள்ளியை விட்டுவிட்டு என் விரலைத் தின்னட்டும்.

அமெரிக்காவில் எங்கள் நவஹோ பழங்குடியின் ஊரான விண்டோ ராக்கில், சந்தையில் கதைக்காப்புப் போட்டி. வீடு, ஆடு, வண்டி என்று ஒரு குடும்பத்தின் பிழைப்பை வெள்ளிக் காப்பில் சுற்றிவரச் செய்து, நடுவர் முன்னால் அதை வாயாலும் சொல்ல வேண்டும். வருடா வருடம் முதல் பரிசான நீல நாடா பக்கத்துப் பட்டறை டெல்பர்ட்டுக்குத்தான். அவன் செய்யும் ஆடுகள் நாய் மாதிரி இருக்கும். இந்த முறை விடுவதில்லை என்று இருந்தேன்.

உருவங்களை அறுத்துப் பற்றவைத்து முடித்தேன். மறுநாள் சந்தை. என் மனைவி ஒர்லிண்டா வந்து, காப்பில் தறி முன்னால் உட்கார்ந்திருந்த வெள்ளிப் பெண்ணை உதட்டை நீட்டிக் காட்டினாள்.

"இது எங்கம்மா."

"உங்கம்மாவுக்கு மட்டுந்தான் தறி இருக்கா?"

"அந்தக் கூனப் பாரு. கொண்டையப் பாரு."

"நான் எங்க பாத்தேன் உங்கம்மாவ?"

"இவ்வளவு நேரம் பாத்துட்டுதான இருந்த."

எங்கள் நவஹோ ஆட்களில், மாமியாரைப் பார்த்த மருமகனுக்குப் பார்வை போய்விடும். இடது கண் அப்போதே லேசாக மங்கியது.

அவளை அறுத்தெடுக்க வெள்ளி அறுக்கும் வாளை எடுத்தேன்.

"எங்கம்மாவையா அறுக்கப் போற?"

கீழே வைத்தேன். அந்தக் காலத்து மாமியார்கள் மருமகன் விலகி ஓட வசதியாக மணி கட்டியிருப்பார்கள். நானும் அவள் பக்கத்தில் ஒரு குட்டி வெள்ளி மணியைப் பற்றவைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு. பக்கத்து ஆட்டின் வால் உருகி, அதுவும் டெல்பர்ட்டின் ஆடு போல ஆகிவிட்டது.

சந்தையில் நடுவர் அம்மாள் காப்பைத் திருப்பத் திருப்ப மணி கிலுங்கியது. நான் கூரையைப் பார்த்தபடி கதை சொன்னேன்.

"தறியில இருக்கறது யாருங்க, பெரியவரே?"

"என் மாமியாரும்மா."

"அவங்களப் பாத்தா செஞ்சீங்க?"

"பாத்தா கண்ணு போயிடுமே."

"உங்க கண்ணு நல்லாத்தான இருக்கு. அப்ப இதச் செஞ்சது நீங்க இல்ல."

காப்பைத் தள்ளிவைத்துவிட்டார். நாடா டெல்பர்ட்டுக்கு. "அடுத்த வருசம் கண்ணத் தொறந்துட்டு செய்யிண்ணே," என்று ஆட்டுக்கறிச் சாற்றை உறிஞ்சினான்.

அந்தக் காப்பை வாங்கிப் போட்டுக்கொண்டது என் மாமியாரேதான். அன்றிலிருந்து எங்கே மணி கேட்டாலும் ஓடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஆடுகளுக்கெல்லாம் கழுத்தில் மணி.

அரத்தைத் தூர வைத்துவிட்டுச் சொல்கிறேன்: எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.