ஒட்டுக்கண்

வாலு என்பது வீட்டில் வைத்த பெயர். ஏழு வயதில் அதற்குத் தகுந்த மாதிரியே இருந்தாள். அப்பாவின் ஸ்கூட்டரில் சாமான் கட்டியிருந்த எலாஸ்டிக் கயிற்றை இழுத்து விளையாடியபோது கொக்கி தெறித்து வலது கண்ணில் அடித்துவிட்டது.

கருவிழியில் தையல் போட்டார்கள். காயம் ஆறுவதற்குள் உள்ளே புரை விழுந்து, கண்பாப்பா பால் ஊற்றியதுபோல் வெளுத்துப்போனது. அதையும் எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தார்கள். கட்டைப் பிரித்ததும் இடது கண்ணை மூடச் சொல்லி அப்பா விரல்களைக் காட்டினார்.

"எத்தனைம்மா?"

"தெரியலப்பா. நீங்க நிக்கிறது தெரியுது, அவ்வளவுதான்."

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார்.

"ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சிருக்கு. ஆனா இத்தனை நாளா இந்தக் கண்ணு சும்மா இருந்துடுச்சு. மூளை இன்னொரு கண்ணை மட்டும் நம்பிப் பழகிடுச்சு. கண்ணாடி போட்டுட்டு, தினமும் நல்ல கண்ணை ஒட்டு போட்டு மூடுங்க. அப்பத்தான் இது வேலை செய்யும். விடாம செஞ்சா பார்வை வரும்."

வீட்டில் தினமும் போர்தான். அம்மா ஒட்டுவாள், மகள் பிய்ப்பாள். அடுத்த பரிசோதனையில் ஒட்டைப் போட்டு எழுத்துப் பலகை முன் உட்கார வைத்தார்கள். வாலு கடைசி வரிவரை மடமடவென்று ஒப்பித்தாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்வை பரிசோதிக்கிற பெண் பலகையை மாற்றினாள். வாலு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அக்கா, இது வேற பலகை."

"அது எப்படித் தெரிஞ்சது?"

"மொத எழுத்து மட்டும் பெருசா தெரியுது, அது வேற. முன்னாடி வந்த அண்ணன் சத்தமா படிச்சாங்க. அதைத்தான் சொன்னேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மூளைக்கு ஒரு குறையும் இல்ல. கண்ணுக்குத்தான் வேலை குடுக்கணும்."

அப்பா வண்டிகளுக்கு நம்பர் பிளேட் செய்பவர். சாலை வளைவில் சின்னக் கடை. மறுநாளே மகளைக் கடையில் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

"ரோட்ல போற வண்டி நம்பரைப் படி. இதை யார்கிட்டயும் கேட்டு ஒப்பிக்க முடியாது."

முதலில் சுவரில் சாய்த்திருந்த பிளேட்டுகளையே மூக்கு உரச நின்று பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற வண்டிகள். பிறகு வேகத்தடையில் மெதுவாகும் வண்டிகள். மூன்றா எட்டா என்று இருவருக்கும் தகராறு வரும். அப்பா எழுந்து ஓடிப் பார்த்துவிட்டு வருவார். பல நாள் அவர்தான் சரி. ஒட்டு அரிக்கிறது என்று அழுதாள். அம்மா ஒட்டுக்குப் பதிலாகக் கண்ணாடியில் மாட்டுகிற மாதிரி ஒரு துணி உறை தைத்துக் கொடுத்தாள். கண்ணாடியையே தூக்கி எறிந்த நாளும் உண்டு. அப்பா எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிவிட்டார்.

ஒரு மாலை, வாடிக்கையாளர் புது பிளேட்டை வாங்கப் பையைத் திறந்தார். அவர் கொடுத்திருந்த நெளிந்த பழைய பிளேட் பக்கத்திலேயே கிடந்தது.

"அப்பா, அதுல எட்டு. நீங்க மூணு ஒட்டியிருக்கீங்க" என்றாள் வாலு, ஸ்டூலில் இருந்தபடியே.

அப்பா குனிந்து இரண்டையும் பார்த்தார். மூன்றுதான் ஒட்டியிருந்தார். சட்டென்று மகளிடம் வந்து துணி உறையின் ஓரங்களை விரலால் தடவினார். எங்கேயும் இடைவெளி இல்லை.

"நான் எட்டிப் பாக்கலப்பா."

"தெரியுதும்மா" என்றார். புது பிளேட்டை எடுத்து மூன்றைப் பிய்க்க ஆரம்பித்தார்.

"முதலாளி இவங்கதான் போல" என்றார் வாடிக்கையாளர்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் அவள் நிதானமாகப் படித்தாள். கடைசி இரண்டு வரி வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"இது தெரியல."

"அந்த ரெண்டு வரியும் வந்துடுமா, டாக்டர்?" என்று கேட்டார் அப்பா.

"ஒண்ணு கண்டிப்பா வரும். இன்னொண்ணுக்குத் தையல் தழும்பு வழிவிடணும். கண்ணாடி கூடவே இருக்கும். ஆனா இந்தக் கண்ணு இனி சும்மா இருக்காது."

வாலு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப லீவு நாள்ல ஒட்டு வேண்டாம்ல?"

"லீவு நாள்ல இன்னும் கொஞ்ச நேரம் கூட" என்றார் டாக்டரம்மா.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஸ்கூட்டர் சாவியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டு சிரித்தார்.