நாலு பழையது, நாலு கம்பளை

1934 ஆகஸ்ட் 10, வெள்ளி. கட்டுகஸ்தோட்டை.

மஹ்ரூப் நானாவின் பஸ் எஞ்சினைப் பிரித்ததில், எட்டு வால்வு ஸ்பிரிங்குகளில் மூன்று உடைந்திருந்தன. ஞாயிறு காலை அந்த பஸ் ஹுன்னஸ்கிரிய தோட்டத்துக்கு ஏறி, மடு மாதா கோவில் திருவிழாவுக்குப் போகும் இருபத்தெட்டுப் பேரை ஏற்ற வேண்டும். அதில் என் அம்மாவும் ஒருவர். கொழும்பிலிருந்து புது ஸ்பிரிங் வரப் புதன்கிழமை ஆகும்.

எங்கள் கராஜின் பெரிய மெக்கானிக் செல்லச்சாமி அண்ணன் கம்பளைக்குப் போய், உடைத்துப்போட்ட ஒரு லொறியிலிருந்து நாலு ஸ்பிரிங் வாங்கி வந்தார். கம்பி தடிப்பு, வட்டம் சிறிது. எங்கள் தொப்பிக்குள், அதாவது ஸ்பிரிங்கை வால்வுத் தண்டோடு பிடித்து நிறுத்தும் தட்டுக்குள், அவை ஆடின. நல்ல வேளையாக லொறியின் தொப்பிகளையும் கொண்டுவந்திருந்தார். அவை தண்டில் சரியாக உட்கார்ந்தன. ஆனால் ஸ்பிரிங்கை அரைக்கால் அங்குலம் குறைவாகவே அமுக்கின.

"உடைஞ்சது மூணு. மூணை மாட்டு, வேலை முடிஞ்சுது" என்றார் அண்ணன்.

"நாலையும் மாட்டலாம்ண்ணே. காத்து இழுக்கிற வால்வு நாலுக்கும் கம்பளை, புகை தள்ளுற நாலுக்கும் பழசு. அப்பத்தான் நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி வேலை செய்யும்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. எஞ்சின் படிக்கும் மாலை வகுப்பில் பாதிப் புத்தகம்தான் முடித்திருக்கிறோம்.

அண்ணன் சம்மதித்தார். ஆனால் ஸ்பிரிங்கின் பலத்தை அளக்க எடைக்கல் வேண்டும். மஹ்ரூப் நானா பக்கத்துக் கடைச் சாவியைக் கொண்டுவந்தார். கடை அவருடைய மச்சான் மக்கீனுடையது. "ஜும்ஆ முடிஞ்சு மச்சான் வர முந்தி எடைக்கல்லு எல்லாம் ராக்கையில ஈக்கணும். வெளங்கினா?" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினார்.

எங்களுக்கு ஒரு மணி நேரம்தான். ஒரு கம்பியில் ஸ்பிரிங்கைச் செருகி, மேலே துளையிட்ட பலகை வைத்து, இறாத்தல் கற்களை அடுக்கினோம். பழையது ஒன்றே முக்கால் அங்குலத்தில் நாற்பத்து நாலு இறாத்தல் தாங்கியது. லொறித் தொப்பி அமுக்கும் அளவில் கம்பளை முப்பத்தாறு. அடியில் அரைக்கால் அங்குல வளையம் வைத்தால் அதுவும் நாற்பத்து நாலு! நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு சந்தேகம் வந்து, அதில் பாதியான வீசம் அங்குல வளையத்துக்கும் அளந்தேன். நாற்பது.

"ஸ்பிரிங்குக்குப் பரீட்சை வச்சு மார்க்கு போடுறியா? கல்லைத் தூக்குடா, பள்ளி கலையுது!" என்றார் அண்ணன்.

கடைசிக் கல்லை ராக்கைத் தட்டில் வைத்தபோது மக்கீன் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 11, சனி.

தவறு என்னுடையது.

எல்லாம் பூட்டி, கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றினேன். கால் சுற்றில் நின்றது.

"காலையில கஞ்சி குடிக்கலியா? தள்ளு" என்று அண்ணன் கைப்பிடியைப் பிடித்தார்.

"வேணாம்ண்ணே! தள்ளாதீங்க!"

வால்வு முழுதாகத் திறக்கும் முன்பே கம்பளை ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி, அடுக்கிய வளையல்போல் நின்றன. நான் வைத்த வளையம்தான் காரணம். மூடியிருக்கும் அளவை மட்டும் பார்த்தேன், திறக்கும் அளவைப் பார்க்கவில்லை. அப்படியே எஞ்சினை ஓட்டியிருந்தால் தண்டு வளைந்திருக்கும்.

மஹ்ரூப் நானா மிதிபலகையில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு பஸ் போகாட்டி நான் அந்தத் தோட்டத்துப் பக்கம் தலகாட்ட ஏலாது தம்பி."

மக்கீன் கடையில் சனிக்கிழமைக் கூட்டம். கற்கள் இனிக் கிடைக்காது. ஆனால் நேற்றைய கணக்கு என் கொப்பியில் இருந்தது: வீசம், நாற்பது இறாத்தல். அண்ணன் கொப்பியை வாங்கிப் பார்த்தார். ஓர் அரத்தை என்னிடம் எறிந்து, இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டார். நாலு வளையங்களையும் பாதியாகத் தேய்த்தோம். மறுபடி சுற்றினேன். ஒரு சுற்று, இரண்டு, பத்து. வால்வு முழுதாகத் திறந்தபோதும் சுருள்களுக்கிடையே தாள் நுழைந்தது.

ஆகஸ்ட் 12, ஞாயிறு. மாத்தளை.

ஏற்றம் முழுவதும் தலையை வெளியே நீட்டி எஞ்சினைக் கேட்டுக்கொண்டே போனேன். கடைசி வளைவில் இரண்டாம் கியரில் பஸ் கர்ஜித்தது. நாலு சிலிண்டரும் ஒரே தாளம்! தோட்டத்து லய வீடுகளின் முன்னே எல்லாரும் மூட்டைகளோடு கைதட்டினார்கள்.

எனக்கு மட்டும் இறக்கம் பயமாயிருந்தது. நாற்பது என்பது நாற்பத்து நாலு அல்ல. "நானா, எறக்கத்துல எஞ்சினை ரொம்ப வேகமா ஓட விடாதீங்க. வால்வு மூட நேரம் போதாது."

"அத நீங்களே பக்கத்துல இருந்து சொல்லுங்க. மடு போய்ச் சேரும் மட்டும்."

"எனக்கு மாத்துத் துணி இல்லையே?"

"அப்பாவோட வேட்டி கொண்டாந்திருக்கேன். ஏறு" என்றார் அம்மா, மூட்டையை என் மடியில் வைத்தபடி.

இறக்கம் முழுவதும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தெல்தெனியவில் நானா பொறுக்க முடியாமல், "மாதாட பேரக்கூட இவ்வளவு தரம் நீங்க சொல்லல்ல" என்றார். பஸ் முழுவதும் சிரித்தது.

இப்போது மாத்தளையில் தேநீருக்கு நிறுத்தியிருக்கிறோம். மூடியைத் திறந்து எட்டையும் தொட்டுப் பார்த்தேன். விரல் சுட்டதைத் தவிர ஒரு குறையும் இல்லை. மீதமான ஒரு பழைய ஸ்பிரிங் என் சட்டைப் பையில் இருக்கிறது. நாளை மாலை வகுப்புக்கு வரமாட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. நானா ஹோர்ன் அடிக்கிறார்.