சேஷனின் இரண்டு புள்ளிகள்

அந்த ஹாம் ரேடியோ பெட்டியைப் பற்றி நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பத்து அலைவரிசைகள். ஒரு குமிழைத் திருகினால் பிரேசில். இன்னும் கொஞ்சம் திருகினால் அண்டார்டிகாவில் பென்குவின் தும்முவது கேட்கும். சரி, தும்மல் நான் சேர்த்தது. பிரேசில் சத்தியம். இருபது வருஷமாக அதன்மேல் எனக்கு ஒரு கண். ஆனால் பெட்டி சேஷனுடையது, சேஷனோ உயிரோடு இருந்தார்.

மூன்று மாதம் முன்னால் போய்விட்டார்.

வீட்டிலிருந்தபடியே அலைவரிசையில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் எங்கள் ரேடியோக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலை ஏழரைக்கு ஆல்பர்ட் என்கிற கிழவர் (என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனாலும் கிழவர்தான்) ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் போல நாங்கள் ஆஜர் சொல்ல வேண்டும். தொண்டை ஆபரேஷனில் குரல் போனபிறகு சேஷன் மோர்ஸ் தந்திக் கட்டையைத் தட்டி இரண்டு புள்ளி அனுப்புவார். டிட். டிட். அதுதான் அவர் ஆஜர். ஒருவர் இறந்தால் மூன்று தடவை கூப்பிட்டு, பதில் வராததைக் கேட்டு, பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவோம்.

சேஷனைத் தகனம் செய்த மறுநாள், விஷயம் தெரியாமல் ஆல்பர்ட் அவரைக் கூப்பிட்டார். யாரும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் பொறுக்கவில்லை. குறும்பும் என்னை விடவில்லை. என் கட்டையைத் தட்டிவிட்டேன். டிட் டிட். அப்படியே ஒன்பது நாள்.

பத்தாம் நாள் எனக்கு ஜுரம். தெர்மாமீட்டர் உருகிவிடும் போல. ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஆல்பர்ட் சேஷனைக் கூப்பிட்டார்.

டிட். டிட்.

என் இரண்டு கையும் ரஜாயிக்குள் இருந்தன.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. ஆல்பர்ட்டுக்குச் செய்தி போனபிறகும், “பதில் சொல்கிற மனுஷன் பெயரை எப்படி அய்யா அடிப்பேன்?” என்றார்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் சேஷனின் மகள் ஜ்யோத்ஸ்னா போன் செய்தாள். “அங்கிள், எனக்குச் சென்னைக்கு டிரான்ஸ்ஃபர். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். அம்மா வரமாட்டேங்கறா. ப்ளீஸ், அந்த ரேடியோவை நீங்க வாங்கிண்டு போயிடுங்கோ, ஜல்தி!”

கிட்வாய் நகரில் சேஷன் வீட்டுக்குப் பறந்தேன். லைசென்ஸ், விற்பனைக் கடிதம், எல்லாம் பையில். பெட்டி மேஜைமேல் துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மின்சார வயர் தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

“மூணு மாசமா ப்ளக் போடவே இல்லை, அங்கிள்,” என்றாள் ஜ்யோத்ஸ்னா மெதுவாக.

சேஷனின் மனைவி வத்சலா மாமி காபி கொண்டுவந்தார். “பதில் சொல்லிண்டிருக்கிற மனுஷரைத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் போறது, சொல்லுங்கோ?”

நான் காபியை ஆற்றினேன். “மாமி, தப்பா நினைக்காதீங்கோ. அது... ஆரம்பத்துல... நான்தான்...”

“தெரியுமே, அடுக்களையில இருக்கற சின்ன ரேடியோவுல தினமும் கேக்கறேனே. முதல் ஒன்பது நாள் நீங்கதான். உங்க டிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடறவன் மாதிரி இருக்கும். அவரோடது நிதானம். முப்பத்தெட்டு வருஷம் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?” சிரித்தார். “பத்தாம் நாள்லேர்ந்து அவர்.”

பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். “நீங்க ஆரம்பிச்சு வச்சது, நீங்களே முடிச்சு வையுங்கோ. பெட்டி உங்காத்துக்கே வரட்டும். ஞாயித்துக்கிழமை ஆல்பர்ட் மூணு தடவை கூப்பிடட்டும். பதில் வரலைன்னா கிளம்பறேன். வந்துதுன்னா, இவ மட்டும் போகட்டும்.”

ஜ்யோத்ஸ்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசிய விலையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்து எடுத்துவந்தேன். ஒரு யானைக்குட்டி கனம். வழியெல்லாம் வெதுவெதுப்பாகவே இருந்தது. வெயிலாக இருக்கலாம்.

ஞாயிறு காலை ஏழேகாலுக்குப் பெட்டி என் மேஜையில், வயர் இல்லாமல். பக்கத்தில் என் ஓட்டை ரேடியோ. பெட்டியின்மேல் குனிந்து சொன்னேன்: “சேஷா, ஒரே ஒரு நாள் கையைக் கட்டிண்டு உக்காரு. மாமி மகளோட போகட்டும். அப்புறம் என்கூட எத்தனை நாள் வேணும்னாலும் இருந்துக்கோ.”

ஆல்பர்ட் முதல் தடவை கூப்பிட்டார். இரைச்சல் மட்டும். இரண்டாம் தடவை. மாடித் தண்ணீர்த்தொட்டியின்மேல் குதித்துக்கொண்டிருந்த குரங்குகள்கூட நின்றுவிட்டன. மூன்றாம் தடவை...

வரவில்லை.

ஆல்பர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு பெயரை அடித்தார். அடுத்த நிமிஷம் என் போன் அடித்தது. மாமி. மூக்கை உறிஞ்சினார். பிறகு, “சாமான் கட்டணும், வைக்கறேன்,” என்றார். செவ்வாய்க்கிழமை தாயும் மகளும் ரயில் ஏறினார்கள்.

புதன்கிழமை காலை, ஒரு கையில் காபி டம்ளர், ஒரு கையில் பேப்பர். ஆல்பர்ட் என் முறைக்கு வந்தார். “ராஜகோபாலன்!”

நான் டம்ளரை வைப்பதற்குள் வந்துவிட்டது. நிதானமாக.

டிட். டிட்.

“ராஜகோபாலன் ஆஜர். என்ன, இன்னிக்கு மோர்ஸ்ல?” என்றார் ஆல்பர்ட்.

பெட்டியின் வயர் அலமாரிக்குள் இருந்தது.

நான் அவருக்கு ஒன்பது நாள் ஆஜர் போட்டேன். அவர் எனக்குப் போடுவது இன்றோடு ஒன்பது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நேற்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து முழு அரிசி மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கிவந்தேன். சரி, ஐந்து கிலோ பை.

நாளைக்குப் பத்தாம் நாள். ஏழு மணிக்கே கட்டைமேல் விரலை வைத்துக்கொண்டு உட்காரப்போகிறேன். யார் முந்துகிறோம், பார்த்துவிடலாம், சேஷா.